வைட்டமின் டி 14 என்று வந்தால்: வெயில், தட்டு, சாஷே

கேள்வி இது: "வயது 42, மதுரை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. முழு உடல் பரிசோதனையில் வைட்டமின் டி 14.2 என்று சிவப்பில் வந்திருக்கிறது. கால்சியம் 9.1, நார்மல். டாக்டர் வாரம் ஒரு 60,000 சாஷே (வைட்டமின் டி பொடிப் பொட்டலம்), எட்டு வாரம் எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் மெக்னீசியமும் வைட்டமின் கே2-வும் சேர்த்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். கத்திரி வெயில் அடிக்கிற ஊரில் இது எப்படிக் குறையும்? 76 வயது மாமியாருக்கும் 13 வயது மகளுக்கும் பார்க்க வேண்டுமா?"

முதலில் அந்த 14.2. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 14.2 நானோகிராம் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி (உடம்பு சேமித்து வைக்கும் வடிவம்) இருக்கிறது என்று பொருள். சில லேப்கள் நானோமோல் கணக்கில் தருவார்கள், அதை 2.5-ஆல் வகுத்தால் நானோகிராம் வந்துவிடும். யூனிட் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரருடைய 36-ஐயும் உங்களுடைய 14-ஐயும் ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றேதான் என்பது தெரியாமலே போகும்.

சிவப்பு நிறத்தை அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலான லேப் ரிப்போர்ட்டில் 30-க்குக் கீழே இருந்தால் "போதாது", 20-க்குக் கீழே "குறைபாடு" என்று அச்சடித்திருக்கும். இது அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி (ஹார்மோன் மருத்துவர்களின் சங்கம்) 2011-இல் வகுத்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் எலும்பை மட்டும் அளவுகோலாக வைத்து வேறு கணக்குச் சொன்னது: 12-க்குக் கீழே என்றால் குறைபாடு, 20 இருந்தால் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் போதும். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 20 என்பது ஏறக்குறைய எல்லாருடைய தேவையையும் மூடுவதற்காக உயர்த்தி வைத்த கோடு. மக்களில் பாதிப் பேருக்கு 16-ஏ போதும். ஆகவே 20-க்குக் கீழே இருப்பவர்கள் எல்லாரும் நோயாளிகள் இல்லை. 2024-இல் எண்டோகிரைன் சொசைட்டியே தன் பழைய 30 கோட்டைக் கைவிட்டு, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாக இந்தச் சோதனை செய்யத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. ரிப்போர்ட்டின் அச்சு மட்டும் மாறவில்லை.

உங்கள் 14, 12 என்ற கோட்டுக்கும் 20 என்ற கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது. பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் விட்டுவிடவும் கூடாது. அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 14 என்ற எண்ணை விட, உங்கள் தட்டில் தினமும் எவ்வளவு கால்சியம் விழுகிறது என்பதுதான் முடிவு செய்யும். இந்தப் பதிலில் நான் சொல்ல வருவதில் பெரும்பகுதி அதுதான்.

கால்சியம் 9.1 என்று வந்ததால் கால்சியம் போதுமான அளவு சாப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம் இல்லை. உடம்பில் இருக்கும் கால்சியம் மொத்தம் ஏறத்தாழ ஒரு கிலோ. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது துளி. ஆனால் அந்தத் துளி 8.5-க்கும் 10.5-க்கும் நடுவில் நிற்காவிட்டால் நரம்பும் இதயமும் தகராறு செய்யும். அதனால் உணவில் குறைந்தால் கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பி.டி.எச். என்ற ஹார்மோனைக் கூட்டி, எலும்பைக் கரைத்தாவது ரத்தத்தை நிரப்பிவிடும். ரத்தக் கால்சியம் நார்மலாகவே இருக்கும், எலும்பு மெலிந்துகொண்டே போகும். உண்மையில் ஏதாவது நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் அதே ரிப்போர்ட்டில் பாஸ்பரஸையும், எலும்பிலிருந்தும் வரும் நொதியான ஆல்கலைன் பாஸ்பட்டேஸையும் பாருங்கள். பி.டி.எச். கூடும்போது சிறுநீரகம் பாஸ்பரஸை வெளியே தள்ளும். ஆகவே பாஸ்பரஸ் தாழ்ந்து, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறி, பி.டி.எச்.-உம் ஏறியிருந்தால் எலும்பு மென்மையாகும் நோய் தொடங்கியிருக்கலாம். இரண்டும் நார்மல் என்றால் பெரும்பாலும் நேரம் இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம். ரத்தக் கால்சியத்தில் சுமார் 40 சதவீதம் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. ஆல்புமின் 4-க்குக் கீழே ஒரு கிராம் குறைந்தால் கால்சியத்தோடு 0.8 கூட்டிக்கொள்ள வேண்டும். கால்சியம் 8.2, ஆல்புமின் 3 என்றால் சரிசெய்த கால்சியம் 9.0. இதைப் பார்க்காமல் "கால்சியம் குறைவு" என்று மாத்திரை தொடங்கியவர்கள் நிறைய.

வெயிலூரில் எப்படிக் குறையும்?

தோலில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்புப் பொருளின் மேல் 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதா பி கதிர் பட்டால்தான் வைட்டமின் டி பிறக்கும். இந்தக் கதிர் காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வரும்போது ஓசோனில் மாட்டிக்கொள்ளும். அதனால் காலை ஆறரை, ஏழு மணி இளவெயிலில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. குழந்தையை எண்ணெய் தேய்த்து இளவெயிலில் கிடத்துவதும், நடைப்பயிற்சியை ஏழு மணிக்குள் முடித்துவிட்டு "டி கிடைத்துவிட்டது" என்று நம்புவதும் நம் ஊரில் ரொம்பப் பழைய பழக்கம். தூக்கத்துக்கும் மனதுக்கும் நல்லதாக இருக்கலாம், டி-க்கு உதவாது.

சுலபமான அளவுகோல் நிழல். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அந்த வெயிலில் டி பிறக்கும்; நீளமாக இருந்தால் மிகக் குறைவு. மதுரையில் இதைக் கணக்குப் போட்டால் சித்திரையில் சுமார் காலை 9:15 முதல் மாலை 3:15 வரை நிழல் குட்டையாக இருக்கும். மார்கழியில் சுமார் 10:15 முதல் 2:15 வரை. கோடையில் உச்சி வெயிலுக்குப் போய் மயங்கி விழ வேண்டியதில்லை, ஒன்பதரை மணி வெயிலே போதும். குளிர்காலத்தில்தான் பதினொன்றுக்கு மேல் போக வேண்டும்.

நம் தோலின் மெலனின் இயற்கையான குடை. வெள்ளைத் தோல்காரருக்கு ஐந்து, பத்து நிமிடத்தில் கிடைப்பதற்கு மாநிறத் தோலுக்கு அதைப் போல மூன்று முதல் ஆறு மடங்கு நேரம் ஆகும். முகமும் உள்ளங்கையும் மட்டும் காட்டினால் காணாது. முழங்கைக்கு மேல் வரை கையும், முழங்கால் வரை காலும் வெயிலில் பட வேண்டும். அரைமணி நேரம், வாரத்தில் மூன்று நான்கு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். சுடிதாரும் துப்பட்டாவுமாக, கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வெயில் காய்ந்தால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விடாது. காருக்குள் வருகிற வெயிலும் அப்படித்தான். மதுரையில் இருந்துகொண்டே காலையில் குளிர்பதன அறை, மதியம் குளிர்பதன அறை, மாலையில் நீள நிழல் என்று வாழ்ந்தால் ஊரின் வெயில் உங்கள் தோலுக்கு வந்து சேரவே சேராது.

அதிக நேரம் நின்றால் வைட்டமின் டி விஷமாகுமா என்று கேட்பார்கள். ஆகாது. ஒரு அளவுக்கு மேல் தோலே அதை வேலைக்கு ஆகாத வேறு பொருள்களாக மாற்றிவிடும். தோல் கருகும் கவலைதான் மிச்சம்.

வெயில் மட்டும் காரணமா?

இல்லை. திருப்பதியைச் சுற்றியுள்ள மக்களிடம் செய்து 2007-இல் வெளியான ஆய்வில், வயலில் உழைக்கும் கிராமத்தாரின் டி அளவு நகரத்தாரைவிட மேலாக இருந்தாலும், பலருக்கு அதுவும் போதவில்லை. அவர்கள் உணவில் கால்சியம் குறைவு. தானியத்திலிருந்து வரும், கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் அதிகம். இது தற்செயல் இல்லை. உணவில் கால்சியம் குறைந்தால் பி.டி.எச். ஏறும், பி.டி.எச். சிறுநீரகத்தில் கால்சிட்ரியால் என்ற செயல்படும் வடிவத்தை அதிகமாகச் செய்ய வைக்கும். அந்த கால்சிட்ரியால் சேமிப்பில் இருக்கும் 25-ஹைட்ராக்ஸி டி வேகமாகச் சிதையும்படி செய்கிறது. அதாவது தட்டில் கால்சியம் இல்லாதவர் டி-யைச் செலவழித்துத் தீர்க்கிறார். எத்தனை சாஷே குடித்தாலும் ஆறு மாதத்தில் திரும்ப 15-க்கு வந்து நிற்பவர்களில் இவர்கள் பலர்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நைஜீரியாவில் ரிக்கெட்ஸ் (எலும்பு மென்மையாகி வளையும் நோய்) வந்த குழந்தைகளிடம் செய்து 1999-இல் வெளியான சோதனையில், கால்சியம் கொடுக்கப்பட்டவர்கள் வைட்டமின் டி மட்டும் கொடுக்கப்பட்டவர்களைவிட நன்றாகக் குணமானார்கள். அந்தக் குழந்தைகளுக்கு வெயில் இருந்தது, பால் இல்லை.

சரி, உங்கள் தட்டை எடை போடுவோம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுப் பட்டியலை ஒட்டிய கணக்கு. காலை இட்லி, சட்னி, இரண்டு காபியில் சேர்த்து 150 மில்லி பால், மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், ஒரு கரண்டி தயிர், இரவு தோசை. பாலில் 180 மி.கி., தயிரில் 120 முதல் 150, மொத்த அரிசியில் 25-ஐத் தாண்டாது, 50 கிராம் துவரம்பருப்பில் 35, காய்கறியில் 50 சொச்சம். கூட்டினால் 400 முதல் 450-க்குள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் பெரியவர்களுக்கு வைத்த அளவு 1,000. அதற்கு முன் 600 என்று இருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200. நம் வீட்டுச் சாதாரணச் சாப்பாடு பழைய அளவுக்கே எட்டாது.

நிரப்புவது கஷ்டமில்லை. 50 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 180. முருங்கைக்கீரை 50 கிராமில் 155. ஒரு டம்ளர் பால், 200 மில்லி, 235. இந்த மூன்றையும் மேலே உள்ள சாப்பாட்டோடு சேர்த்தால் 1,000-ஐ ஒட்டிவிடும். அகத்திக்கீரை 100 கிராமில் 900. ஆனால் தினம் தின்கிற கீரை இல்லை. நெத்திலி போன்ற முள்ளோடு சாப்பிடும் மீனும் நல்ல வழி.

காகிதத்தில் இருக்கும் எண்ணெல்லாம் குடலுக்குள் போய்விடாது. பாலக்கீரையின் கால்சியம் ஆக்ஸலேட்டோடு பிணைந்திருப்பதால் 5 சதவீதம்தான் சேரும். முருங்கைக்கு அந்தத் தொல்லை குறைவு. எள்ளில் 100 கிராமுக்கு 1,280 என்று போட்டிருக்கும், அதை நம்பி இட்லிப்பொடியில் நிம்மதி அடைய வேண்டாம். ஆக்ஸலேட்டும் ஃபைட்டேட்டும் அதிலிருந்து பெரிய பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கேழ்வரகை முளைகட்டினாலோ, மாவை ராத்திரியே கரைத்துப் புளிக்க வைத்துக் கூழாக்கினாலோ ஃபைட்டேட் குறையும். கூழைப் புளிக்க வைத்துக் குடித்தவர்களுக்கு வேதியியல் தெரியாது, வேலை சரியாகவே நடந்தது. நீர்மோரைப் பால் கணக்கில் சேர்ப்பதும் தவறு: 50 மில்லி தயிரில் மூன்று பங்கு தண்ணீர் விட்டால் டம்ளரில் 60 மி.கி.-தான்.

தண்ணீரும் ஒரு வழி. குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 75 மி.கி. கால்சியம் வரை ஏற்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 200 வரை. போர் தண்ணீர் இரண்டு லிட்டர் குடித்தவர் சும்மாவே 150 மி.கி. பெற்றுக்கொண்டிருந்தார். ஆர்.ஓ. போட்ட பிறகு அது போய்விட்டது. ஆர்.ஓ.-வைக் கழற்றச் சொல்லவில்லை. போனதைத் தட்டில் ஈடுகட்டுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற ஃபுளோரைடு மிகுந்த இடங்களில் இது இன்னும் முக்கியம். அங்கே ஃபுளோரைடோடு கால்சியப் பற்றாக்குறையும் சேரும்போதுதான் குழந்தைகளின் கால் வளைகிறது. அந்த ஊர்களில் கால்வலி என்று வருபவருக்கு டி சோதனைக்கு முன் எந்தத் தண்ணீர் குடிக்கிறார் என்று கேட்க வேண்டும்.

உப்பைப் பற்றி ஒரு வரி. ஆறு கிராம் உப்பு சிறுநீரில் சுமார் 40 மி.கி. கால்சியத்தை இழுத்துக்கொண்டு போகும். அந்த 40-ஐ மீட்க, பாதிக்கும் மேல் குடலிலேயே தங்கிவிடுவதால், 130 மி.கி. சாப்பிட வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் தினம் இருக்கும் வீட்டில் இது சின்ன எண் இல்லை.

இப்போது சாஷே

60,000 ஐ.யு. (சர்வதேச அலகு) என்பது ஒன்றரை மில்லிகிராம். எட்டு வாரம், மொத்தம் 4,80,000. நாளுக்குச் சராசரி சுமார் 8,500. 14-இல் தொடங்குகிற பெரும்பாலானவர்களுக்கு இதில் 30-ஐத் தாண்டிவிடும். பால் அல்லது கொஞ்சம் எண்ணெய், நெய் உள்ள சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் சரியாகச் சேராது. ஞாயிறு என்று ஒரு கிழமையை வைத்துக்கொண்டு, காலண்டரில் எட்டு வட்டம் போட்டுவிடுங்கள்.

வட்டம் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சீட்டில் "வாரம் ஒன்று" என்று எழுதியதை "நாளைக்கு ஒன்று" என்று படித்துவிடுவது இதில் அடிக்கடி நடக்கும் தவறு. எட்டு வாரக் கோர்ஸ் எட்டு நாளில் முடிந்துவிடும்; அட்டை தீர்ந்ததும் இன்னொன்று வாங்குவார்கள். அடுத்த தவறு, எட்டு வாரம் முடிந்தும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்று இரண்டு வருடம் தொடர்வது. மூன்றாவது, வாயில் சாஷே, கூடவே ஆறு லட்சம் ஐ.யு. ஊசி, அதோடு மல்டிவைட்டமின், டி கலந்த கால்சியம் மாத்திரை என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவது. 25-ஹைட்ராக்ஸி டி 150-ஐத் தாண்டினால் கால்சியம் ஏறத் தொடங்கும்: குமட்டல், மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வயதானவர்களுக்குக் குழப்பம், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு. வாந்தி, தாகம் என்று மருத்துவமனைக்குப் போகும்போது வைட்டமின் என்று சொல்ல யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் அதை மருந்தாகவே நினைப்பதில்லை. கொழுப்பில் தங்கியிருப்பதால் நிறுத்தியபிறகும் இறங்க வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். குழந்தைக்கு நாளுக்கு 400 ஐ.யு.; சொட்டு மருந்து ஒரு மில்லியில் 400 என்றும் 800 என்றும் இரண்டு விதமாகக் கிடைக்கும். அளவுக் குழாயை ஒரு பாட்டிலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போடாதீர்கள். ஐந்து மில்லியில் 60,000 இருக்கும் சின்ன பாட்டில் வேறு பொருள், அது குழந்தைச் சொட்டு மருந்து இல்லை.

"எதுக்கும் ஒரேயடியாப் போட்டுடலாம்" என்ற வருடாந்தர ஊசி முறை நல்லதில்லை. ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்கு மேற்பட்ட 2,256 பெண்களில் ஒரு பாதிக்கு வருடத்துக்கு ஒருமுறை ஐந்து லட்சம் ஐ.யு. கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் முடிவு வந்தது: மருந்தே இல்லாத ஏமாற்று மாத்திரை வாங்கியவர்களைவிட, உண்மை மாத்திரை வாங்கியவர்கள் அதிகம் கீழே விழுந்தார்கள், அதிகம் எலும்பு முறித்துக்கொண்டார்கள். கனடாவின் கால்கரியில் தினம் 400, 4,000, 10,000 என்று மூன்று அளவுகளை மூன்று வருடம் கொடுத்தபோது, அதிகம் வாங்கியவர்களின் எலும்பு அடர்த்தி குறைவாகவே இருந்தது. போதுமான டி உள்ளவருக்கு மேலும் ஏற்றுவதால் பயன் இல்லை என்பதை அமெரிக்காவில் 25,871 பேரிடம் தினம் 2,000 ஐ.யு. கொடுத்து நடத்திய வைட்டல் ஆய்வும் காட்டியது: ஐந்து வருடத்தில் புற்றுநோயோ, மாரடைப்போ, எலும்பு முறிவோ குறையவில்லை. அது குறைபாடு உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உங்கள் 14-க்கு அதைக் காட்டி "எதுவும் வேண்டாம்" என்று முடிவு செய்ய முடியாது.

எட்டு வாரம் முடிந்த பிறகு நாளுக்கு 1,000 முதல் 2,000 ஐ.யு., அல்லது மாதம் ஒரே ஒரு 60,000, அது நாளுக்கு 2,000-க்குச் சமம். ஐம்பது வயதுக்கு மேல் தினசரிச் சிறு அளவே நல்லது. உடல் எடை மிக அதிகம் உள்ளவர்களுக்கு டி கொழுப்பில் பரவிவிடுவதால் இரண்டு மூன்று மடங்கு தேவைப்படலாம். வலிப்பு மருந்தான ஃபெனிடோயின், கார்பமசெபின், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்குக் கல்லீரல் டி-யைச் சீக்கிரம் சிதைத்துவிடும். மறுசோதனை மூன்று மாதம் கழித்து, அதே லேபில். கடைசி சாஷே குடித்த மறுநாளே போய்ப் பார்த்தால் உச்சத்தைப் பார்ப்பீர்கள். அது நிலைத்த அளவு இல்லை. முடிக்கு என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். சில லேப் முறைகளில் பயோட்டின் டி-யைக் கூட்டியும் பி.டி.எச்.-ஐக் குறைத்தும் காட்டும். "நல்ல லேபில் பார்க்கலாம்" என்று 1,25-டைஹைட்ராக்ஸி டி-யை, அதாவது கால்சிட்ரியாலை, எழுதினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது சில மணி நேரமே நிற்கிற ஹார்மோன், பி.டி.எச். தூக்கிப் பிடிப்பதால் குறைபாட்டிலும் நார்மலாக இருக்கும்.

சாஷே தொடங்கும் முன் ஒரு தடவை கால்சியம் பார்த்திருக்க வேண்டும், உங்களுக்குப் பார்த்துவிட்டார்கள். கால்சியம் ஏற்கனவே 10.5-க்கு மேல் இருந்தால் பாராதைராய்டு கட்டியோ, சார்காய்டோசிஸோ (உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் வரும் நோய்), காசநோயோ மறைந்திருக்கலாம். பின் இரண்டிலும் நோய்த் திசுவே கட்டுப்பாடின்றி கால்சிட்ரியால் செய்யும். சாஷே ஊற்றினால் எரிகிற தீயில் எண்ணெய்.

கால்சியம் மாத்திரை உங்களுக்குக் கட்டாயமில்லை, தட்டால் 1,000-ஐ எட்டலாம். எட்டாவிட்டால், லேபிளில் "எலிமென்டல்" என்ற வரியைத் தேடுங்கள். 1,250 மி.கி. கார்பனேட்டில் கால்சியம் 500-தான், 1,000 மி.கி. சிட்ரேட்டில் 210. ஒரு நேரத்தில் 500-க்கு மேல் குடல் சேர்க்காது. கார்பனேட்டைச் சாப்பாட்டோடு, சிட்ரேட்டை எப்போது வேண்டுமானாலும். சிறுநீரகக் கல் இருந்தவர் பாலையும் கேழ்வரகையும் நிறுத்துவது தலைகீழ் வைத்தியம்: உணவோடு வரும் கால்சியம் ஆக்ஸலேட்டைக் குடலிலேயே கட்டி வெளியேற்றுகிறது. கல்லுக்குக் காரணம் "சுண்ணாம்புச் சத்து அதிகமாகிவிட்டது" என்பது ஊர்ப்பேச்சு. சாப்பாடு இல்லாமல் தனியாக விழுங்கும் கால்சியம் மாத்திரைதான் அவர்களுக்குச் சந்தேகத்துக்குரியது.

மெக்னீசியத்துக்கும் கே2-வுக்கும் வருவோம். டி-யைச் செயல்வடிவமாக்கும் நொதிகளுக்கு மெக்னீசியம் தேவை, பி.டி.எச். சுரக்கவும் தேவை, அதெல்லாம் உண்மை. ஆனால் பருப்பு, நிலக்கடலை, சிறுதானியம், கீரை சாப்பிடுபவருக்கு அது இயல்பாகவே கிடைக்கும். விதிவிலக்கு: வருடக்கணக்கில் தினம் காலை "கேஸ் மாத்திரை" போடுபவர்கள். பாண்டோபிரசோல், ஒமிபிரசோல் வகையை நீண்ட நாள் எடுத்தால் மெக்னீசியம் குறையும், அப்படிக் குறைந்தால் கால்சியம் எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது. சிறுநீர் கூட்டும் மருந்து, நீடித்த பேதி, மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கும் இதே கதை. அப்போது ரத்தத்தில் பார்த்து 1.7-க்குக் கீழே இருந்தால் கொடுக்க வேண்டும். ரத்த மெக்னீசியம் உடம்பில் உள்ளதில் ஒரு சதவீதம்கூட இல்லை என்பதால் நார்மல் என்று வந்தாலும் முழு நிம்மதி இல்லை. கே2-வுக்கு உங்கள் நிலையில் பணம் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன்.

பாஸ்பரஸை யாரும் கேட்பதில்லை, நம் சாப்பாட்டில் அது குறைவதில்லை. ஒரே ஒரு நிலையைச் சொல்லிவிடுகிறேன்: ரத்தசோகைக்கு ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் இரும்பு ஊசி போட்ட பெண்கள், இரண்டு மூன்று வாரத்தில் உடல் சோர்வு, தசை வலி, எலும்பு வலி என்றால், அந்த ஊசி சிறுநீரில் பாஸ்பரஸை வெளியேற்றும் ஹார்மோனைத் தூண்டிவிட்டிருக்கலாம். டி ஏற்கனவே குறைவானவர்களுக்கு இது கூடுதலாகத் தாக்கும். பாஸ்பரஸ் பார்க்காமல் ஊசியை மறுபடி போடக்கூடாது.

மற்றபடி உடம்பு வலி எல்லாவற்றையும் 14-இன் தலையில் கட்டாதீர்கள். எலும்பு மென்மையாகும் நோயின் வலி தனி ரகம்: முன்காலை விரலால் அழுத்தினால் எலும்பே வலிக்கும், குத்துக்காலிட்டு எழ முடியாது, படி ஏறத் தொடை ஒத்துழைக்காது, நடை வாத்து போல ஆடும். இதில் ஒன்று இருந்தால் எண்ணைவிட இது முக்கியம், எக்ஸ்ரேயும் பி.டி.எச்.-உம் பார்க்க வேண்டும்.

வீட்டாருக்கு: மகளுக்குச் சோதனை வேண்டாம். 2016-18-இல் நடந்த தேசியக் குழந்தைகள் ஊட்டச்சத்து ஆய்வில் 10 முதல் 19 வயதினரில் 24 சதவீதம் பேர் 12-க்குக் கீழே இருந்தார்கள். 13 வயதில் எலும்பு கட்டப்படும் நேரம். பார்க்காமலே நாளுக்கு 600 ஐ.யு. கொடுக்கலாம், ஒரு டம்ளர் பாலும் பள்ளி மைதானத்தில் ஒரு மணி நேரமும் அதைவிட நல்லது. முட்டை மஞ்சள்கருவில் 40 ஐ.யு.; '+எஃப்' என்ற, சத்துச் சேர்த்ததைக் காட்டும் முத்திரை உள்ள பாலில் லிட்டருக்கு 200 முதல் 300, எண்ணெயில் கிராமுக்கு 4.4 முதல் 6.4. அரை லிட்டர் பாலும் 25 கிராம் எண்ணெயும் சேர்ந்தால் 210 முதல் 310 கிடைக்கும், 600-இல் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. வீட்டுச் சமையலே அந்த எண்ணெயில்தான் என்றால் உங்களுக்கும் அந்தப் பங்கு கிடைக்கும்.

மாமியாருக்கு 76 வயது. 75-க்கு மேல் சோதனை இல்லாமலே தினசரி டி கொடுக்கலாம் என்று 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. 800 முதல் 1,000 ஐ.யு. போதும். அவருக்கு முன்பே சிறுநீரகப் பழுது இருந்தால் மட்டும் முதலில் கிரியாட்டினின், கால்சியம், பாஸ்பரஸ் மூன்றும் பாருங்கள். சிறுநீரகம் பழுதானால் டி-யைச் செயல்வடிவமாக்கும் வேலை அங்கேயே நின்றுவிடும், கொடுக்கும் மருந்தும் மாறும். தைராய்டு மாத்திரை போடுகிறார் என்றால் அதைக் காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, கால்சியத்தைப் பத்து மணிக்கு முன் தொடக்கூடாது. நான்கு மணி நேரம் இடைவெளி விடாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஏறுகிறதே என்று தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டிவிடுவார்கள். கால்சியத்துக்கும் இரும்பு மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரம். அவருக்குக் கார்பனேட்டை மதியச் சாப்பாட்டோடு வைத்தால் இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் முடியும்.